இறால் ஓட்டிலிருந்து இயற்கைப் பலபடி: பாதுகாப்புச் சோதனை ஏன்?

நம் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதியில் இறாலுக்கே முதலிடம். 2023-24ஆம் ஆண்டில் நாம் ஏற்றுமதி செய்த கடல் உணவுப் பொருள்கள் 17.81 லட்சம் டன். அவற்றின் மதிப்பு 60,523 கோடி ரூபாய். இதில் உறையவைத்த இறால் மட்டும் 7.16 லட்சம் டன். அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் இத்தொழிலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. இறாலின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை தலையும் ஓடுமாகக் கழிந்துபோகிறது. கொச்சி, விசாகப்பட்டினம், காக்கிநாடா, வேராவல், தூத்துக்குடி போன்ற இடங்களில் உள்ள பதனிடும் நிலையங்களின் வாயிலில் நாள்தோறும் குவிவது இக்கழிவே. சில மணி நேரத்திற்குள் அது அழுகத் தொடங்கிவிடும். அக்கம்பக்கத்தில் உள்ளோருக்குத் துர்நாற்றமும் ஈயும் தவிர வேறு பயன் இராது.

எனினும் இதே ஓட்டிலிருந்து மருத்துவத்துக்கும் உணவுத் தொழிலுக்கும் வேளாண்மைக்கும் உதவும் ஓர் அரிய பொருளைப் பெற முடியும். அதன் தயாரிப்பு முறை பற்றியும் பயன்கள் பற்றியும் பல கட்டுரைகள் வெளிவந்துள்ளன. அப்பொருள் பாதுகாப்பானதா என்பதை எவ்வாறு அறிவது, அவ்வாறு அறிவதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் இரு கேள்விகள் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. இக்கட்டுரை அவ்விரண்டையும் எடுத்துக்கொள்கிறது.

பொருளும் தயாரிப்பும்

சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலிபோல் கோத்து அமைந்த பெரிய மூலக்கூறைப் பலபடி என்கிறோம். பருத்தியில் உள்ள செல்லுலோஸ் ஓர் இயற்கைப் பலபடி. அதற்கு அடுத்தபடியாக இயற்கையில் மிகுதியாகக் காணப்படுவது கைட்டின் என்பர். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் பூச்சிகளின் மேலுறையிலும் காளான்களின் செல் சுவரிலும் இது உள்ளது. 1811ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பிராகொன்னோ இதனை முதன்முதலாகக் காளானிலிருந்தே பிரித்தெடுத்தார். 1823இல் ஓடியே என்பவர் பூச்சிகளின் உறையில் இதனைக் கண்டு கைட்டின் எனப் பெயரிட்டார். 1859இல் ரூஷே என்பவர் கைட்டினைக் காரத்தில் கொதிக்கவைத்து, அமிலத்தில் கரையும் புதியதொரு பொருளைப் பெற்றார். இன்று கைட்டோசான் என்று வழங்குவது அதுவே.

உலர்ந்த இறால் ஓட்டில் கைட்டின், புரதம், கால்சியம் கார்பனேட் ஆகிய மூன்றும் முக்கியமான பகுதிகள். தயாரிப்பு என்பது, வேண்டாத இரண்டையும் நீக்கி வேண்டிய ஒன்றை வைத்துக்கொள்வதே. முதலில் நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓட்டைச் சூடாக்கிப் புரதத்தை அகற்றுகிறார்கள். அடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்புப் பொருளைக் கரைத்துவிடுகிறார்கள். எஞ்சுவது கைட்டின். இதனை 40 முதல் 50 விழுக்காடு வரையிலான செறிந்த காஸ்டிக் சோடாவில் மீண்டும் சூடாக்கினால், மூலக்கூறில் உள்ள அசெட்டைல் தொகுதிகள் நீங்கிக் கைட்டோசான் உண்டாகிறது. ஈரமான கழிவு ஒரு டன்னிலிருந்து பொதுவாக 30 முதல் 50 கிலோ கைட்டின் கிடைக்கும். கைட்டோசான் அதனினும் குறைவு.

கொச்சியில் 1957இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இம்முறைகளை நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ப வகுத்துத் தொழில்முனைவோருக்குக் கற்பித்து வந்துள்ளது. ஆகவே தயாரிக்கும் முறை நமக்குப் புதியதன்று. தயாரித்த பொருளை எந்தத் தரத்தில் விற்கிறோம் என்பதே கேள்வி.

கைட்டோசானின் சிறப்பு அதன் மின்னூட்டத்தில் உள்ளது. அமிலத் தன்மையுள்ள நீரில் அது நேர் மின்னூட்டம் பெறுகிறது. நம் உடலின் செல்களும் பாக்டீரியாவின் மேற்பரப்பும் நீரில் மிதக்கும் அழுக்குத் துகள்களும் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஆகையால் கைட்டோசான் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. சிவப்பணுக்களைத் திரட்டிக் குருதிப் பெருக்கை நிறுத்துவது, கலங்கிய நீரைத் தெளிவிப்பது, உலோக அயனிகளைப் பிடிப்பது, குடலில் கொழுப்போடு சேர்ந்து அதனை வெளியேற்றுவது ஆகிய பயன்களில் அதன் பற்றும் இயல்புக்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் பற்றிய ஐயங்களில் பலவும் இதே இயல்பிலிருந்துதான் எழுகின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

இயற்கையானது என்பது சான்றாகுமா?

இறாலை நாம் உண்கிறோம். ஆகவே இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொருளால் தீங்கு வராது என்று பலர் எண்ணுகின்றனர். விற்பனைத் துண்டறிக்கைகளும் ‘இயற்கைப் பொருள்’ என்ற சொல்லையே முன்னிறுத்துகின்றன. இவ்வாதத்தில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, நாம் உண்பது இறாலின் சதையை; ஓட்டை அன்று. இரண்டாவது, கைட்டோசான் ஓட்டில் உள்ளபடியே எடுக்கப்படுவதில்லை. வலிமை மிக்க காரத்தாலும் அமிலத்தாலும் மாற்றி உண்டாக்கப்படுகிறது. மூன்றாவது, ஒரு பொருளின் தீங்கு அதன் அளவையும் அது உடலுக்குள் செல்லும் வழியையும் பொறுத்தது. வயிற்றுக்குள் சென்றால் துன்பம் தராத பொருள் குருதிக் குழாய்க்குள் சென்றால் உயிருக்கே ஆபத்தாகலாம். கைட்டோசான் புண்ணின் மேல் குருதியை உறையச் செய்கிறது, அது நன்மை. அதுவே குருதி ஓட்டத்தினுள் கலந்தால் என்னவாகும்? ஜப்பானில் நாய்களுக்குத் தோலின் கீழ் மிகுந்த அளவில் அதனைச் செலுத்தியபோது கடுமையான நுரையீரல் அழற்சி கண்டது. புண்ணாற்றும் மருந்தாகச் சிறு அளவில் பயன்பட்ட அதே பொருள்தான் அது.

எனவே ‘கைட்டோசான் பாதுகாப்பானதா?’ என்று பொதுவாகக் கேட்பது பொருளற்றது. எந்த வகைக் கைட்டோசான், என்ன பயனுக்கு, எந்த வழியில், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க வேண்டும். இந்நான்கும் தெளிவான பின்னரே சோதனையைத் திட்டமிட இயலும்.

முதற்படி: பொருளை அறிதல்

கைட்டோசான் என்பது ஒரே பொருளின் பெயரன்று; ஒரு குடும்பத்தின் பெயர். சங்கிலியின் நீளத்தைக் காட்டும் மூலக்கூறு எடை ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடும். அசெட்டைல் தொகுதிகள் எத்தனை விழுக்காடு நீங்கியுள்ளன என்பதும் வேறுபடும். இவ்விரண்டும் மாறினால் கரையும் தன்மையும் உடலில் சிதையும் வேகமும் செல்களைத் தாக்கும் ஆற்றலும் மாறுகின்றன. ஆகவே ஒரு தயாரிப்பில் கண்ட சோதனை முடிவை மற்றொரு தயாரிப்புக்கு அப்படியே பொருத்திக் கூறலாகாது.

அடுத்ததாக, பொருளோடு கூட வந்த மாசுகள். இவற்றைக் கீழ்க்கண்டவாறு வகைப்படுத்தலாம்.

1. நீங்காது எஞ்சிய புரதம். ஒவ்வாமைக்கு இதுவே காரணம்.

2. நீங்காது எஞ்சிய சாம்பல். சுண்ணாம்புப் பகுதி முழுவதும் கரையவில்லை என்பதன் அடையாளம் இது.

3. ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக் போன்ற நச்சு உலோகங்களும் உலோகப் போலிகளும். உலோக அயனிகளைப் பற்றும் இயல்புடைய பொருள், மாசுபட்ட நீரில் கழுவப்பட்டால் அந்நீரில் உள்ளவற்றையும் பற்றிக்கொள்ளும்.

4. நுண்ணுயிர்களும் அவை விட்டுச்சென்ற நச்சுகளும்.

5. பண்ணைகளில் வளர்த்த இறாலாயின், தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம்.

ஐந்தாவது இனத்தில் மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. நைட்ரோபியூரசோன் என்னும் தடை செய்யப்பட்ட மருந்து பயன்படுத்தப்பட்டதா என்பதை, செமிகார்பசைடு என்ற பொருள் இருக்கிறதா என்று பார்த்தே ஆய்வகங்கள் முடிவு செய்து வந்தன. ஆனால் நன்னீர் இறாலின் ஓட்டில் இப்பொருள் மருந்து எதுவும் தராமலேயே இயற்கையாகக் காணப்படுகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. சதையை மட்டும் கருதி வகுத்த சோதனையை ஓட்டுக்கும் பயன்படுத்தினால் குற்றமற்ற உற்பத்தியாளர் தண்டிக்கப்படக்கூடும். ஆகவே சோதனை முறையையும் சோதித்தாக வேண்டும்.

ஒவ்வாமை

இறால் உண்டதும் சிலருக்கு உடலில் தடிப்பும் அரிப்பும், இன்னும் சிலருக்கு மூச்சுத் திணறலும் ஏற்படுவதுண்டு. இதற்குத் தலையாய காரணம் டிரோப்போமயோசின் என்னும் தசைப் புரதம். நம் நாட்டு வெள்ளை இறாலில் இப்புரதமே முக்கிய ஒவ்வாமைப் பொருள் என்பதை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து 1993இல் நிலைநாட்டினர். இப்புரதம் வெப்பத்தைத் தாங்கவல்லது. சமைத்தாலும் அதன் தீங்கு நீங்குவதில்லை.

கைட்டோசான் புரதம் அன்று. சர்க்கரை வகையைச் சேர்ந்த பலபடி. ஆகவே, தூய கைட்டோசானில் டிரோப்போமயோசின் இருக்கக் காரணம் இல்லை. காஸ்டிக் சோடாவில் இருமுறை சூடாக்கும்போது புரதத்தின் பெரும்பகுதி சிதைந்து கழுவப்பட்டுவிடுகிறது. இறால் ஓட்டிலிருந்து செய்த கைட்டோசான் கட்டுப்பொருளை, இறால் ஒவ்வாமை உள்ளவர்களிடமே சோதித்து 2011இல் வெளியிட்ட சிறியதோர் அமெரிக்க ஆய்வில் எவருக்கும் தீய விளைவு காணப்படவில்லை.

இது மனநிறைவு தரும் செய்தி. எனினும் அது அந்தக் கட்டுப்பொருளின் தூய்மைக்குக் கிடைத்த சான்றே தவிர, சந்தையில் உள்ள எல்லாக் கைட்டோசானுக்கும் கிடைத்த சான்றன்று. கழுவும் நீரையும் நேரத்தையும் மிச்சப்படுத்தித் தயாரித்த தூளில் எவ்வளவு புரதம் எஞ்சியுள்ளது என்பதை அளந்து பார்த்தே சொல்ல முடியும். மேலும், மொத்தப் புரதம் குறைவு என்று கூறும் சோதனை போதாது; ஒவ்வாமை தரும் அந்தக் குறிப்பிட்ட புரதம் உள்ளதா என்று எதிர்ப்பொருள்களைக் கொண்டு தனியே காண வேண்டும். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் உணவுப் பொருள் குறியீட்டு விதிகளின்படி, இறால் நண்டு இனங்களிலிருந்து பெற்ற பொருள் அடங்கிய உணவுச் சிப்பங்களில் அதனை அறிவிக்க வேண்டியிருக்கிறது. இது சோதனைக்கு மாற்றன்று. சோதனையோடு சேர வேண்டிய எச்சரிக்கை.

உண்ணும் பொருளாக: ஒரு கணக்கு

உணவாகவோ உணவுத் துணைப் பொருளாகவோ பயன்படும்போது சோதனைகள் படிப்படியாக நடைபெறுகின்றன. ஒரே முறை மிகுந்த அளவில் கொடுத்துப் பார்ப்பது முதற்படி. பின்னர் 28 நாள், 90 நாள் எனத் தொடர்ந்து கொடுத்துப் பார்ப்பது. இவற்றோடு, மரபணுக்களுக்குக் கேடு உண்டா என்பதைப் பாக்டீரியாக்களிலும் செல்களிலும் ஆராய்வது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு இவற்றுக்கெல்லாம் வழிமுறைகளை வகுத்துள்ளது. விலங்குகளில் பாதி இறக்கும் அளவைக் காணும் பழைய சோதனையை அவ்வமைப்பு 2002இல் நீக்கிவிட்டது; குறைந்த விலங்குகளைக் கொண்டு செய்யும் முறைகள் அதன் இடத்தில் வந்துள்ளன.

படிகள் பல இருப்பது ஏன் என்பதை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். இரத்தத்தில் தீய கொழுப்பின் அளவைச் சீராக வைத்திருக்க நாளொன்றுக்கு 3 கிராம் கைட்டோசான் உதவும் என்ற கூற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் ஏற்றுக்கொண்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த அளவை உண்டால், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு அவர் பெறுவது 50 மில்லிகிராம்.

ஜப்பானில் 1968இல் சுண்டெலிகளுக்கு ஒரே முறை கொடுத்துச் செய்த சோதனையில், கிலோவுக்கு 16 கிராம் வரை அதாவது 16,000 மில்லிகிராம் வரை கொடுத்தும் பாதி விலங்குகள் இறக்கும் நிலை எட்டவில்லை. மனிதர் உண்ணும் அளவைப் போல் இது 320 மடங்கு. இந்த ஒரு சோதனையோடு நின்றால், அச்சத்துக்கு இடமே இல்லை என்று முடிவு செய்துவிடுவோம்.

அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் எலிகளின் தீவனத்தில் 1, 3, 9 விழுக்காடு வீதம் கைட்டோசானைக் கலந்து ஆறு மாதம் கொடுத்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டது. எலிகள் நஞ்சுண்டவை போல் மடியவில்லை. ஆனால் அவற்றின் உடலில் வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ ஆகியவற்றின் அளவு குறைந்திருந்தது. கைட்டோசான் குடலில் கொழுப்பைப் பற்றி வெளியேற்றும்போது, கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் அதனுடன் போய்விடுகின்றன. ஆண் எலிகளில் மிகக் குறைந்த அளவான ஒரு விழுக்காட்டிலேயே விளைவு தென்பட்டது. அது கிலோவுக்கு ஏறத்தாழ 450 மில்லிகிராம். மனிதர் உண்ணும் 50 மில்லிகிராமைப் போல் இது 9 மடங்கு மட்டுமே. விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து என்று 100 மடங்கு இடைவெளி வைப்பது நச்சியலார் வழக்கம்.

பொருள் ஒன்றே, 320 மடங்கு என்றது ஒரு சோதனை, 9 மடங்கு என்றது மற்றொன்று. இதனால் 3 கிராம் கைட்டோசான் நஞ்சு என்று கொள்ளக் கூடாது. எலிக்கு ஆனது அப்படியே மனிதருக்கும் ஆகும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் நீண்ட காலம் உண்போர், குழந்தைகள், கருவுற்ற தாய்மார் ஆகியோருக்கு அதனைப் பரிந்துரைக்கும் முன் தயங்க வேண்டும் என்பது தெளிவு. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க 1970இலேயே தேசியத் திட்டம் வகுத்த நாடு நம்முடையது. உடல் பருத்தவர் ஒருவருக்கு ஊறு செய்யாத அளவு, போதிய உணவின்றி இளைத்த ஒருவருக்கும் ஊறு செய்யாது என்று நாம் கருதிவிட முடியாது.

புண்ணில் கட்டும் பொருளாக

2002ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஹெம்கான் என்னும் கைட்டோசான் கட்டுப்பொருளுக்கு அனுமதி அளித்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர்முனைகளில் குருதிப் பெருக்கை நிறுத்த அது பயன்பட்டது. நம் நாட்டிலும் இவ்வகைக் கட்டுப்பொருள்கள் இன்று தயாரிக்கப்படுகின்றன. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. அவை கருவிகளை, அவற்றால் நேரக்கூடிய ஆபத்தின் அளவுக்கேற்ப நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன.

இத்தகைய பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 10993 என்னும் பன்னாட்டுத் தர வரிசை வழிகாட்டுகிறது. செல்களைக் கொல்கிறதா, தோலில் எரிச்சல் உண்டாக்குகிறதா, ஒவ்வாமையைத் தூண்டுகிறதா, சிவப்பணுக்களைச் சிதைக்கிறதா, உடலுள் பதித்தால் சுற்றியுள்ள திசு எவ்வாறு எதிர்வினை காட்டுகிறது என்பன அதில் அடங்கும் கேள்விகள். எல்லாப் பொருளுக்கும் எல்லாச் சோதனையும் தேவையில்லை. சிராய்ப்பின் மேல் ஒருநாள் இருக்கும் பட்டைக்கும் உடலினுள் மாதக்கணக்கில் தங்கிக் கரையும் பொருளுக்கும் தேவைப்படும் சான்றுகள் வேறு. இதை உணராமல் பட்டியல் முழுவதையும் கேட்கும் அலுவலர் உற்பத்தியாளருக்கு வீண் செலவை உண்டாக்குகிறார். எதையும் கேட்காத அலுவலர் நோயாளிக்கு ஆபத்தை உண்டாக்குகிறார்.

இங்குக் கைட்டோசானுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சில வகைப் பாக்டீரியாக்கள் மடிந்த பின்னும் அவற்றின் மேலுறையிலிருந்து எண்டோடாக்சின் என்னும் நச்சு எஞ்சி நிற்கிறது. அது குருதியில் கலந்தால் கடும் காய்ச்சலும் அதிர்ச்சியும் உண்டாகும். குருதியோடு தொடர்பு கொள்ளும் கருவிகளில் இதன் அளவு கருவி ஒன்றுக்கு 20 அலகுக்கு மேற்படக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. ஒரு கிராம் கைட்டோசான் கொண்ட பட்டையாயின், அந்த ஒரு கிராம் முழுவதிலும் 20 அலகுக்கு மேல் இருத்தலாகாது.

எண்டோடாக்சின் எதிர் மின்னூட்டம் கொண்டது. கைட்டோசானோ நேர் மின்னூட்டம் கொண்டது. இரண்டும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. இதனால் இரு தொல்லைகள். கழுவி அகற்றுவது கடினம். அளப்பதும் கடினம். குதிரைலாட நண்டின் குருதியிலிருந்து பெறும் மருந்துப்பொருளைக் கொண்டு செய்யும் வழக்கமான சோதனையில், பற்றுண்டு மறைந்திருக்கும் நச்சு தன்னைக் காட்டாமல் போகலாம். சோதனைத் தாளில் ‘இல்லை’ என்று வரும். உடலில் அது வெளிப்படும். ஆகவே அறிந்த அளவு எண்டோடாக்சினை மாதிரியில் வேண்டுமென்றே சேர்த்து, அது முழுவதும் திரும்ப அளவிடப்படுகிறதா என்று சரிபார்த்த பின்னரே முடிவை ஏற்க வேண்டும்.

சூடாக்கி அழித்துவிடலாமே எனக் கேட்கலாம். எண்டோடாக்சினை அழிக்க 250 பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் கைட்டோசான் தானே கெட்டுவிடும். காமாக் கதிர்கள் நுண்ணுயிரைக் கொல்லும். ஆனால் நச்சை அழிப்பதை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. மேலும், பலபடியின் சங்கிலியை அவை துண்டிக்கும். ஆகவே கடைசியில் தூய்மை செய்வதினும் முதலிலேயே மாசு சேராமல் காப்பதே வழி. ஓடு உரிக்கப்பட்ட உடனே பனிக்கட்டியில் இடப்பட்டதா, வெயிலில் கிடந்து அழுகியதா என்பதில்தான் மருத்துவமனையில் கட்டப்படும் பட்டையின் பாதுகாப்பு தொடங்குகிறது. இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்யும் பெண்களின் கையில் அது உள்ளது.

தொழிலாளரும் சுற்றுப்புறமும்

பாதுகாப்பு என்பதை நுகர்வோரோடு நிறுத்திவிடக் கூடாது. நண்டு, இறால் பதனிடும் இடங்களில் காற்றில் பரவும் நுண்துளிகளால் தொழிலாளருக்கு ஆஸ்துமா உண்டாவதைக் கனடாவில் 1980களிலேயே கண்டறிந்தனர். உலர்ந்த ஓட்டை அரைக்கும் இடத்தில் தூசியும் சேர்ந்துகொள்கிறது. செறிந்த காஸ்டிக் சோடாவைச் சூடாக்கும் கலத்தின் அருகே கையுறையும் கண்ணாடியும் இன்றி நிற்பவர் ஒரு துளி தெறித்தாலும் பார்வையை இழக்கக்கூடும். பயன்படுத்திய காரமும் அமிலமும் கழிவுநீராகி ஓடையில் கலந்தால், ‘மக்கிப் போகும் இயற்கைப் பொருள்’ என்ற பெருமைக்கு இடமில்லை. காரத்தையும் அமிலத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சமன்படுத்துதல், கரைந்த புரதத்தை மீட்டுக் கால்நடைத் தீவனமாக்குதல், நொதிகளையும் நுண்ணுயிர்களையும் கொண்டு ஓட்டைப் பிரித்தல் ஆகிய வழிகள் உள்ளன. இவற்றையும் பாதுகாப்பு மதிப்பீட்டின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும்.

செலவு யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் காரணமாகக் கீழைக் கடற்கரையில் சிறு கைட்டோசான் கூடம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. அதன் உரிமையாளர் இரு கண்ணாடிக் குடுவைகளைக் காட்டினார். இரண்டிலும் ஒரே போன்ற வெண்ணிறத் தூள். ஒன்று அன்றன்று பனிக்கட்டியில் வந்த ஓட்டில் செய்தது. மற்றது, கிடைத்த ஓட்டில் செய்தது. ‘வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றே, விலையும் ஒன்றே. பனிக்கட்டிக்கு நான் ஏன் செலவிட வேண்டும்?’ என்று அவர் கேட்டார். அடுத்த ஆண்டில் அவர் பனிக்கட்டி வாங்குவதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பொருளியலில் இந்நிலை நன்கு அறியப்பட்டது. தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் எனில், நல்ல சரக்குக்கும் தாழ்ந்த சரக்கின் விலையே கிடைக்கும். நாளடைவில் நல்ல சரக்கு சந்தையை விட்டே மறையும். ஜார்ஜ் அகர்லாப் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி 1970இல் இதனை விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். கண்ணுக்குத் தெரியாத தரத்தைத் தெரியும்படி செய்வதே பாதுகாப்புச் சோதனையின் பொருளாதாரப் பணி.

ஆனால் சோதனைச் செலவு பெரும்பாலும் நிலையான செலவு. ஒரு தொகுதிக்கான சோதனைக்கு 40,000 ரூபாய் ஆகும் என வைத்துக்கொள்வோம். தொகுதி 2,000 கிலோவாயின் கிலோவுக்கு 20 ரூபாய். 100 கிலோவாயின் 400 ரூபாய். சிறு உற்பத்தியாளர் சோதனையைத் தவிர்த்து, தரம் குறிக்காத தூளாக விற்றுவிடுகிறார். அதனை வாங்கித் தூய்மைப்படுத்திச் சோதித்துச் சான்றுடன் விற்பவருக்கே உயர்ந்த விலை சேர்கிறது.

இதற்குத் தீர்வு காண, இருவகைச் சோதனைகளைப் பிரித்தறிய வேண்டும். நச்சுத்தன்மை பற்றிய நீண்ட சோதனைகள் ஒவ்வொரு தொகுதிக்கும் செய்ய வேண்டியவை அல்ல. மூலக்கூறு எடை இதற்குள், அசெட்டைல் நீக்கம் இத்தனை விழுக்காடு, புரதம், சாம்பல், உலோகம், எண்டோடாக்சின் இந்த அளவுக்கு மேற்படாது என்று ஒரு விவரக்குறிப்பை வரையறுத்து, அதற்கு உட்பட்ட பொருளில் ஒருமுறை செய்தால் போதும். பொருளோ தயாரிப்பு முறையோ மாறும்போதுதான் மீண்டும் ஆராய வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் அவ்விவரக்குறிப்புக்குள் அடங்குகிறதா என்பதை எளிய வேதியியல் சோதனைகளால் சரிபார்க்கலாம். ஆகவே பாதுகாப்புச் சான்று உண்மையில் உரியது அந்த விவரக்குறிப்புக்கே, தயாரிப்பாளரின் பெயருக்கன்று.

இதிலிருந்து கொள்கை முடிவுகள் சில பெறப்படுகின்றன. பல சிறு கூடங்கள் ஒரே விவரக்குறிப்பையும் ஒரே தயாரிப்பு முறையையும் ஏற்றுக்கொண்டால், நீண்ட சோதனைகளின் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். தொகுதிச் சோதனைக்குப் பதனிடும் மையங்களின் அருகே பொது ஆய்வகம் அமையுமானால், பயணச் செலவும் காலமும் மிச்சமாகும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் மருத்துவக் கருவிகளின் உயிரியல் மதிப்பீட்டில் நீண்ட அனுபவம் உடையது. நல்ல ஆய்வகச் செயல்முறையைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பு 2002இல் நிறுவப்பட்டது. 2011 முதல், அதன் சான்று பெற்ற நம் ஆய்வகங்களின் முடிவுகளைப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளும் ஏற்கும் நிலை உருவாகியுள்ளது. வெளிநாட்டில் சோதித்தால்தான் மதிப்பு என்னும் நிலை இனி இல்லை.

காலம் தாழ்த்துவதற்கு இடமும் இல்லை. கைட்டினைக் காளான் இனத்திலிருந்தும் பெறலாம். ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்னும் பூஞ்சையிலிருந்து எடுத்த கைட்டின் குளூக்கானை உணவுப் பொருளாக ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் அனுமதித்தது. அதில் இறால் ஒவ்வாமை பற்றிய கேள்வியே எழாது; மூலப்பொருள் பருவத்துக்குப் பருவம் மாறுவதும் இல்லை. இறால் ஓடு மலிவானது என்ற ஒரே காரணத்தைக் கொண்டு இப்போட்டியை நாம் எதிர்கொள்ள முடியாது. நம் பொருளின் தூய்மையை எண்களால் காட்ட வேண்டியிருக்கும்.

முடிவுரை

கழிவைச் செல்வமாக்குதல் என்பது அடிக்கடி கேட்கும் முழக்கம். கழிவு செல்வமாவது கொதிகலத்தில் மட்டும் அன்று. அதனை நம்பி ஒருவர் தம் புண்ணில் கட்டிக்கொள்ளவும் தம் குழந்தைக்குக் கொடுக்கவும் துணியும்போதுதான் அது முழுமை பெறுகிறது. அந்நம்பிக்கைக்கு ஆதாரம் ‘இயற்கை’ என்னும் சொல்லன்று. வரையறுத்த பொருள், பயனுக்கேற்ற சோதனை, தொகுதிதோறும் சரிபார்ப்பு ஆகிய மூன்றுமே. இவற்றுக்கான செலவைத் தனியொருவர் தலையில் சுமத்தாமல் பொதுவசதியாக ஆக்கினால், பனிக்கட்டிக்குச் செலவிடும் கூட உரிமையாளருக்கு அதற்குரிய விலை கிடைக்கும். ஓட்டைப் புதிதாகவே பிரித்து வைக்கும் தொழிலாளிக்கும் அதில் ஒரு பங்கு சேர வேண்டும். திட்டமிடுவோரும் அவற்றை நிறைவேற்றும் அலுவலர்களும் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே.